அரைக் கோப்பைத் தேநீர்

அன்பு மகள் ஹேய்லாமுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்காலைச் சேர்க்காமல் சொன்னால். மான்செஸ்டரில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, மத்தியானத்தில் ஆறிப்போன சாண்ட்விச்சைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, ஒரு கிண்ணம் சூப் வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது. உன் கல்யாணச் சிவப்புப் பட்டுக்குத் தையல்காரி இடுப்பளவு கேட்டுத் தொல்லை செய்கிறாள், சரியான அளவை அனுப்பு, நீ ஆசைப்படும் அளவை அல்ல. போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் மழுப்பிவிட்டேன், அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார். கல்யாணத்தன்று பெரியவர்களுக்கு மண்டியிட்டுத் தேநீர் கொடுக்கும்போது பெரியப்பா வந்து உட்காருவாரா, அவர் இல்லாவிட்டால் எனக்கு அது கல்யாணம் மாதிரியே இருக்காது என்றாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். பாட்டனார் அஸ்தியை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பெரியப்பாவும், இங்கே மலைமேல் இருக்கும் கல்லறையில்தான் வைக்க வேண்டும் என்று உன் அப்பாவும் மல்லுக்கு நின்றதிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. பாட்டனாரைக் கும்பிடப் போகும் நாளில்கூட ஒருவர் காலையில் போனால் மற்றவர் மத்தியானம் போவார். அழைப்பிதழில் அவர் பெயரை எழுத அப்பா என்னை விடவே இல்லை.

செவ்வாய்க்கிழமை நாங்கள் இருவரும் தோ குவா வான் பகுதியில் கார் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிற பிங் அக்காவின் நூடுல்ஸ் கடைக்குப் போனோம். பட்டறைக்காரர்களைத் தவிர அந்தக் கடை யாருக்கும் தெரியாது, பெயர்ப்பலகையில் பாதி எழுத்தைக் காணோம், ஆனால் காய்ந்த மீனும் இறால் ஓடும் கொதிக்கிற வாசனை சந்து முனையிலேயே ஆளைப் பிடித்து இழுக்கும். மத்தியான நெரிசல். பிங் அக்கா எங்களைப் பார்த்ததும், “வழியில நிக்காதீங்க, அந்தத் தொப்பிக்காரர் மேசையில ரெண்டு இடம் காலி, போய் ஒட்டிக்குங்க” என்று விரட்டினாள், விரட்டும்போதே எங்கள் வான்டன் நூடுல்ஸை அடுப்படிக்குக் கத்திச் சொல்லியும்விட்டாள். உட்கார்ந்த பிறகுதான் தொப்பிக்கு அடியில் இருந்த முகத்தைப் பார்த்தேன். பெரியப்பா. எழுந்து போனால் கடை முழுக்கப் பார்க்கும். முன்பின் தெரியாதவர்களோடு மேசையைப் பங்கிட்டுக்கொண்டால் எப்படி இருப்போமோ அப்படியே அவரவர் கண்ணை அவரவர் முன்னால் வைத்துக்கொண்டு இருந்தோம்.

அவர் முன்னால் நிறைந்த கிண்ணம் அப்படியே இருந்தது. அந்த மெல்லிய நூடுல்ஸ் வந்த சூட்டிலேயே சாப்பிட வேண்டியது, அது ஊறி ஊறிக் கிண்ணத்தின் விளிம்புக்கு வந்துவிட்டது, அவர் தொடவில்லை, வலது கை மேசைக்கு அடியிலேயே இருந்தது. உன் அப்பா என் காதில் சொல்கிற மாதிரி அவருக்கும் கேட்கும்படி, “பாத்தியா, நான் உட்கார்ந்த மேசையில இவருக்குச் சாப்பாடுகூட இறங்கல. இவரத்தான் உன் பொண்ணு கூப்பிடணுங்கறா” என்றார். எனக்கு உன் அப்பா காலை மிதிக்கலாம் போலிருந்தது, முழங்காலை நினைத்து விட்டுவிட்டேன்.

பிறகு அப்பா தேநீர்க் கெண்டியைத் தூக்கினார். கெண்டியைத் தொட்டவர் மேசையில் உள்ள எல்லோருக்கும் ஊற்றிவிட்டுத்தானே தனக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும், பழகின கை, மனசைக் கேட்காமல் முதலில் அண்ணன் கோப்பைக்கே போனது. ஊற்றிவிட்டாரே, இனி இவர் இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொல்லியாக வேண்டும். விரோதி ஊற்றினாலும் தட்டாமல் இருக்கிற ஆளா உன் பெரியப்பா? அடியில் இருந்த கை மெல்ல மேலே வந்தது. தட்டியது. தட்டி நிற்கவில்லை, தட்டிக்கொண்டே இருந்தது, கரண்டி கிண்ணத்தில் பட்டுக் கடகடவென்றது. அவர் இடது கையால் அதைப் பிடித்து அமுக்கினார்.

அப்பா கெண்டியைக் கீழே வைக்க மறந்துபோனார். பிறகு, “அக்கா, இங்க ஒண்ணு புதுசா குடுங்க, நூடுல்ஸ் தனியா, சூப் தனியா” என்றார். அண்ணனைப் பார்த்து, “ஊறிப்போச்சுண்ணே, அத விட்டுடுங்க” என்றார். அந்த ‘அண்ணே’யைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது. பெரியப்பா, “கொஞ்ச நாளா இப்படித்தான்டா. யாரும் தெரிஞ்சவங்க வர மாட்டாங்கன்னுதான் இந்தக் கடைக்கு வரேன். நீ வந்து குந்திட்டே” என்றார். “நான் என்ன சிரிக்கவா போறேன்” என்றார் அப்பா. “சிரிப்பே. பொறந்ததுலேருந்து சிரிக்கிறவன்தானே நீ.” புதுக் கிண்ணம் வந்ததும் அப்பாவே சிவப்பு வினிகரை ஊற்றி, நூடுல்ஸைக் கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டி வைத்துக்கொடுத்தார். தன் கிண்ணத்தை ஊறவிட்டுவிட்டார். அஸ்தியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை, அது அப்படியேதான் கிடக்கிறது.

இதுதான் சமயம் என்று நான் உன் கல்யாணத்தை எடுத்தேன். பெரியப்பா வர மாட்டேன் என்றார். “கோபம்லாம் இல்லம்மா. அந்தப் பொண்ணு மண்டி போட்டுக் கோப்பைய நீட்டும், நான் வாங்கி அவ சிவப்புப் பட்டு மேலயே கொட்டுவேன். நல்ல நாளும் அதுவுமா அத எல்லாரும் பாக்கணுமா?” என்றார். அப்பாதான், “அரைக் கோப்பை ஊத்தச் சொல்றேன்ணே” என்றார். பெரியப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசல்வரை போய்த் திரும்பி, “எத்தன மணிக்கு?” என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து உன் அப்பா சும்மா இருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வேண்டுமென்றே கையை ஆட்டிக்கொண்டு, என்னைக் கோப்பையை நீட்டச் சொல்லி வாங்கிப் பார்க்கிறார். அரைக் கோப்பையும் சிந்துகிறது, நான் கையை எடுக்காமல் அவர் கையின்மேலேயே வைத்திருந்தால்தான் சிந்துவதில்லை. சோபா உறையைத்தான் துவைக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு ஒற்றுமையாக இருங்கள், சண்டை வந்தாலும் ஒரே மேசையில் சாப்பிடுங்கள். இடுப்பளவை மறக்காதே. அதைவிட இதை மறக்காதே: பெரியப்பாவுக்குக் கோப்பையைக் கொடுக்கும்போது கையை எடுத்துவிடாதே. உன் இரண்டு கையும் அவர் கையின்மேல் இருக்கட்டும், அவர் குடித்து முடிக்கும்வரை. பார்க்கிறவர்களுக்கு அது மரியாதையாகத்தான் தெரியும்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அம்மா