ஏழாம் பிளாட்டின் நெஞ்சளவு

2094 மார்ச் 3, காலை 7.10. வெயில்.

பதிவு சொல்வது நஞ்சப்பன். சோதனைக்காட்டு அளவுக்காரன், வயது எழுபத்தொன்று. எனக்கு எழுத்து தெரியாது. வாயால் சொல்வதை இந்தப் பெட்டி எழுதிக்கொள்ளும். ஏழாம் பிளாட் என்கிற காட்டுத்துண்டு, ஈட்டி மரம் முந்நூற்றுப் பன்னிரண்டு. அளந்தாயிற்று. ஒன்றாம் மரம் இருநூற்றுப் பதினாறு சென்டி சுற்றளவு. போன வருஷத்துக்கு அரை சென்டி கூடுதல். மற்றதும் அப்படித்தான்.

வேர்ப்புகை நோய் இல்லை. அந்த நோய் வந்த மரம் இலையெல்லாம் பச்சையாகத்தான் நிற்கும். அடிமரம் பெருப்பது மட்டும் நின்றுபோகும். டேப் வைத்தால்தான் தெரியும். மரத்துக்கு மரம் கருவி கட்டிப் பார்த்தார்கள். யானை ஒன்றையும் விடவில்லை.

2094 மார்ச் 5, பகல் 11.00. பொதுமக்கள் நாள்.

செருப்பில் நோய் ஏறுமென்று ஆட்களை மலைக்கு விடுவதில்லை. கேமராவில் நான் அளந்து காட்ட, அடிவாரத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அடிவார நிலையத்து டாக்டர் ரெஜினா விளக்கம் சொல்லும். இன்றைக்கு உடுமலை டெய்லர் ஒருவர் குறுக்கே பேசினார்.

“அண்ணே, மரம் பெருக்குதுங்கறீங்க, நீங்க குறுகிட்டே வர்றீங்களே! பழைய படத்துல நிமிந்து நிக்கறீங்க. நாப்பது வருசமா ஆளுங்களை அளக்கறேன், என் கண்ணு ஏமாறாது. நாலு அங்குலம் போயிருச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். “நீங்க எங்க சட்டைத்துணியில அடிக்கற நாலு அங்குலமாக்கும்!” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். ரெஜினா மட்டும் சிரிக்கவில்லை.

2094 மார்ச் 6, காலை 6.40.

தூக்கம் பிடிக்கவில்லை. கொட்டகையில் கிடந்த அளவுக்குச்சியை எடுத்தேன். தரையிலிருந்து நாலரை அடி. அந்த உயரத்தில்தான் டேப் சுற்ற வேண்டும். 2053இல் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பழைய டாக்டர் அந்தக் குச்சியை என்மேல் சாத்திப் பார்த்தார். குறி சரியாக என் நெஞ்சுக்குழிக்கு வந்தது. “இனிக் குச்சி எதுக்குடா நஞ்சா, நீயே குச்சி” என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பெருமையாக இருந்தது. டேப் சுற்றும் இடத்தில் மரத்துக்குப் பெயின்ட் கோடு போடுவதும் நோய் பயத்தில் நின்றுபோனது. நாற்பத்தொரு வருஷம் என் நெஞ்சுக்கு நேரேதான் டேப் போனது.

குச்சியைச் சாத்தினேன். குறி நெஞ்சுக்குழிக்கு நாலு அங்குலம் மேலே நிற்கிறது.

அடிமரம் கீழே போகப்போகப் பருமன்.

2094 மார்ச் 7, மாலை 5.30.

குச்சி வைத்து மறுபடி அளந்தேன். ஒன்றாம் மரம் இருநூற்றுப் பன்னிரண்டு. 2086இல் நான் சொன்ன அளவு அது. அன்றைக்குக் கல்மழை, டேப்பை வேட்டியில் துடைத்துத் துடைத்து அளந்தேன். இரண்டாம் மரமும் 2086 அளவு. மூன்றாவதும். முந்நூற்றுப் பன்னிரண்டும் பார்த்துவிட்டேன். எதுவும் பெருக்கவில்லை. எட்டு வருஷமாகக் குனிந்தது நான். வளர்ந்தது மரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று வருஷத்துக்குள் மருந்து ஊற்றியிருந்தால் பிழைத்திருக்கும். நல்லா இருக்கிற காட்டுக்கு மருந்து எதற்கென்று வேறு காட்டுக்கு அனுப்பினார்கள், என் வாய்ச்சொல்லை நம்பி.

2094 மார்ச் 8, காலை 9.15. எல்லாம் சொன்னேன். அடிவாரத்திலிருந்து ரெஜினா:

“நஞ்சப்பண்ணே, அழாம கேளுங்க. பெருக்கறது நின்ன மரத்துலயிருந்து நோய் வருசத்துக்கு இவ்வளவு தூரம்னு வேர் வழியாப் போகும். எட்டு வருசம்னா ஓடை வரைக்கும் வந்திருக்கும், தாண்டியிருக்காது. ஏழாம் பிளாட்டை மட்டும் எரிச்சாப் போதும். எட்டாம் பிளாட் தப்பிச்சுக்கும். நாளைக்குக் காலையில ஆளுங்க வர்றாங்க.”

“சரிங்க அம்மிணி” என்றேன்.

எட்டாம் பிளாட் ஓடைக்கு அக்கரை. நானும் என் வீட்டுக்காரி வெள்ளையம்மாளும் நட்டது. நானூறு கன்று. அவள் குழி எடுத்தாள், நான் வைத்தேன். அவள் போய்ப் பதினாறு வருஷம்.

2094 மார்ச் 8, பகல் 2.00.

சாப்பிடவில்லை. ஒரு யோசனை அரிக்கிறது. குச்சி வைத்து அளந்த இருநூற்றுப் பன்னிரண்டு, அது சரியென்று யார் சொன்னது? மழையில் மரத்தடி மண் இரண்டு அங்குலம் கரைந்திருந்தால் குச்சியும் தாழத்தான் நின்றிருக்கும், அந்த அளவும் கூடுதல். நிஜ அளவு அதற்கும் குறைவென்றால், மரம் 2086க்கும் முன்னாலேயே நின்றிருக்கும். அப்போது நோய் ஓடையைத் தாண்டியிருக்கும்.

சொல்லாவிட்டால் வெள்ளையம்மாளின் மரம் நிற்கும். தாண்டியிருந்தால் மலை முழுக்கப் போகும்.

2094 மார்ச் 9, காலை 6.05.

சொல்லிவிட்டேன். ரெஜினா கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தது. அப்புறம்:

“அண்ணே, உங்களுக்கு நாப்பத்தொரு வருசத்து மழையும் மனப்பாடம். எந்த வருசம் குறுக ஆரம்பிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க நிமிந்து நின்ன வரைக்கும் மரம் வளந்தது நிஜம், அதை வெச்சு எட்டாம் பிளாட்டை விட முடியுமான்னு பாக்கறேன். ஆளுங்க கீழ கேட் பக்கத்துல நிக்கறாங்க.”

யோசித்துக்கொண்டிருக்கிறேன். எந்த மரத்தில் எந்த வருஷம் இடி விழுந்ததென்று தெரியும். முந்நூற்று நாலாம் மரத்தில் தேன் எடுத்தவன் பேர் தெரியும். வெள்ளையம்மாள் போன அன்று எந்த மரத்தை அளந்தேன் என்பது தெரியும். அதற்கப்புறம்தான் குனிந்தேனா? அதற்கும் முன்பா? கூட நின்று பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

கீழே கேட் திறக்கும் சத்தம்.

அம்மிணி, பெட்டி எழுதுகிறதா? எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வருஷம் தெரி