தொண்ணூறு ஆடுகளும் ஒரு கட்டுப் பூண்டும்

அன்புள்ள அண்ணே,

போன மாதம் ஒரு காலையில் கிளாவரை மலைக்கிராமத்து பஸ் கண்டக்டர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கட்டு மலைப்பூண்டு. தண்டோடு முறுக்கிக் கட்டி, புகையில் தொங்கவிட்டுக் காயவைத்தது. கட்டை நான் வாங்கும் முன்பே வாசனை வீட்டுக்குள் போய்விட்டது. பூண்டும் விறகுப் புகையும் கலந்த அந்த வாசனை எனக்கு எப்போதும் உங்கள் பழுப்பு ஸ்வெட்டரின் வாசனை.

பத்து வருடம், தை பிறந்தால் நீங்கள் அனுப்பும் கட்டு அது. போன சித்திரையில் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இந்த வருடம் வராது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

"யாரு குடுத்துவிட்டாங்க?" என்று கேட்டேன்.

"உங்க தோட்டக்கார அண்ணனோட சித்தி, டீச்சர். பஸ்ஸ மறிச்சு நின்னுக்கிட்டு, 'எங்க வீட்டுப் பய வருசா வருசம் குடுத்துவிடுற எடத்துல குடுத்துரு, வழியில தொலச்சுப்புடாத'ன்னுச்சு. குடுக்காமப் போனா நாளைக்கு என்னய ஊருக்குள்ள விடாது. வெரசா வாங்கிக்கங்க, வண்டி நிக்கிது."

எங்க வீட்டுப் பய. உங்களோடு ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்த சித்தி சொன்னது இது. உங்களுக்குச் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நம் பழக்கம் ஒரு ஜன்னலில் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பு அறைக்கு வெளியே டேலியாப் பாத்தி. நீங்கள் பள்ளித் தோட்டக்காரர், நான் வரலாற்று டீச்சர். தண்டனையின் வரலாறு பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம்தான் இருந்தது. நான் அதை மூன்று நாள் நடத்துவேன். உதாரணம் சொல்லாமல் எனக்குப் பாடம் நடத்த வராது. முற்காலத்தில் சிறை என்பதே தண்டனை இல்லை, தண்டனைக்குக் காத்திருக்கும் இடம், நம் ஊர் பஸ் ஸ்டாண்ட் மாதிரி என்பேன். தண்டனை உடம்பில்தான் விழும்: சவுக்கு, சூடு, கை வெட்டு, கழுமரம். ஊர் கூடிப் பார்க்கும். வெகுகாலம் கழித்துத்தான் சிலர் கேட்டார்கள், குற்றத்தின் அளவுக்குத்தானே தண்டனை இருக்கவேண்டும் என்று. "ஹோம்வொர்க் எழுதாதவனுக்கும் ஜன்னலை உடைத்தவனுக்கும் ஒரே அடியா?" என்று கேட்பேன். "இல்ல மிஸ்!" என்று ஜன்னலை உடைத்தவன்தான் முதலில் கத்துவான்.

அன்று நம் பக்கத்துக் கதைக்கு வந்தேன். கை தவறி ஒருவனைக் கொன்றவனுக்குச் சோழர் காலத்தில் நாட்டார் கூடித் தீர்ப்புச் சொன்னதைச் சில கோயில் கல்வெட்டுகளில் காணலாம். உயிருக்கு உயிர் கேட்கவில்லை. செத்தவன் பெயரில் கோயிலில் அணையாத விளக்கு ஒன்று எரிக்கவேண்டும். அதற்கு நெய் வேண்டும். நெய்க்குத் தொண்ணூறு ஆடுகளோ, இன்னும் கொஞ்சம் கூடவோ கொடுக்கவேண்டும்.

"ஆடு செத்துட்டா மிஸ்?" என்றாள் ஒருத்தி.

சாகக்கூடாது, கிழடாகவும் கூடாது, குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் நிற்கவேண்டும், அதனால் அவற்றுக்குப் பெயரே சாவா மூவாப் பேராடு என்றேன். ஜன்னலுக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது.

"சாகாத ஆடா? எங்க ஊருக்கு ரெண்டு அனுப்பச் சொல்லுங்க டீச்சர்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஆனால் இடைவேளையில் நீங்கள் கத்தரியைக் கையில் பிடித்தபடி படிக்கட்டில் எனக்காகக் காத்திருந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"டீச்சர், அந்த ஆடு குடுத்தவன் இருக்கான்ல. அப்பறமும் அதே ஊர்லதான் இருந்தானா?"

"கல்வெட்டில அது இல்லையேண்ணே."

"அதானே முக்கியமான சோலி. அத எழுதாம விட்டுட்டாய்ங்களே."

மறுநாள் கருவிகள் வைக்கும் கொட்டகையில் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னீர்கள். "நான் ஒருத்தன அடிச்சுக் கொன்னவன் டீச்சர். தெரிஞ்சுக்கிட்டுப் பழகுங்க." கொடைக்கானல் மேல்மலையில் போளூர் தாண்டி இருக்கும் உங்கள் ஊரில், பூண்டுப் பாத்திக்குத் தண்ணீர் திருப்புவதில் சித்தி மகனோடு தகராறு. யார் மடையை முதலில் திறப்பது என்ற சண்டை. மண்வெட்டிக் காம்பால் ஒரே அடி. சித்திக்கு அவன் ஒரே பிள்ளை. நீங்களே பஸ் ஏறிப் போய்ப் போலீசில் சொன்னீர்கள். பதினான்கு வருடம் கழித்து வெளியே வந்து ஊர்ப்பக்கம் போகாமல் கொடைக்கானலிலேயே இறங்கிவிட்டீர்கள். அப்போதிருந்த தலைமையாசிரியர் எல்லாம் தெரிந்துதான் உங்களுக்கு வேலை கொடுத்தார்.

அந்தக் கொட்டகையில் எத்தனை பேச்சு! நான் புத்தகத்தில் படித்ததைச் சொல்வேன், நீங்கள் இருந்து பார்த்ததைச் சொல்வீர்கள். கடல் கடத்தும் தண்டனையைச் சொன்னபோது, "எங்க ஊர்க்காரனுக்குப் பழனியே தீவாந்தரம்தான்" என்றீர்கள். "கீழ வெக்கை இருக்கே டீச்சர், அதான் தண்டன. ஜட்ஜய்யா அத எழுதவே இல்ல." தனி அறையில் பேச்சில்லாமல் அடைத்துவைத்தால் குற்றவாளி தன்னை நினைத்துத் திருந்துவான் என்று அதைக் கொண்டுவந்தவர்கள் இரக்கமுள்ள மனிதர்கள், சவுக்கையும் தூக்கையும் ஒழிக்க நினைத்தவர்கள் என்று சொன்னேன். நீங்கள் தேநீரை ஊதிக்கொண்டே யோசித்தீர்கள்.

"நல்லவங்கதானா? அதான பாத்தேன். கெட்டவனுக்கு அம்புட்டுப் பொறும இருக்காது."

சிறைத் தோட்டத்தில் ரோஜாவுக்கு ஒட்டுக்கட்டக் கற்றுக்கொடுத்த வார்டரைப் பற்றி மட்டும் எப்போதும் மரியாதையாகப் பேசுவீர்கள். அவர் உங்களைத் திருத்தியதாக ஒருநாளும் சொன்னதில்லை. "கைக்கு வேல குடுத்தாரு" என்று மட்டும் சொல்வீர்கள்.

இனி வருவதை எழுதத்தான் எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

அதே பாடம், அதே அறை, வேறொரு வருடம். ஒரு பெண் எழுந்து, "கொலை பண்ணவங்க மாறவே மாட்டாங்க மிஸ், எங்க டாடி சொன்னாங்க" என்றாள். எனக்கு வேகம் வந்துவிட்டது. உதாரணம் கையில் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒருவர், என்று ஆரம்பித்தேன். கோபத்தில் ஒரே அடி. ஆயுள் தண்டனை. உள்ளே ரோஜா வளர்க்கக் கற்றுக்கொண்டார். இன்று அவர் ஒட்டுக்கட்டிய செடியில் பூத்த பூவைத்தான் பிள்ளைகளே, நீங்கள் ஆசிரியர் தினத்துக்குப் பறித்துக்கொண்டு வருகிறீர்கள், என்றேன். பெயர் சொல்லவில்லை, அதனால் தவறில்லை என்று நினைத்தேன். வாக்கியம் முடிவதற்குள் நாற்பது தலைகள் ஜன்னல் பக்கம் திரும்பின.

நீங்கள் பூவாளியோடு நின்றிருந்தீர்கள். நகரவில்லை. பூவாளியிலிருந்து தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் பெற்றோர் பலர் போன் செய்துவிட்டார்கள். பழைய தலைமையாசிரியர் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுப் போயிருந்தார். புதியவரிடம் போய், தண்டனையை அனுபவித்து முடித்தவரை மறுபடி தண்டிப்பது எந்தச் சட்டம் என்று வாதாடினேன். "டீச்சர், நான் அவரைத் தப்பாச் சொல்லல. பேரண்ட்ஸுக்கு நான் என்ன ஆன்சர் பண்ண?" என்றார். அவரை அனுப்பினால் நானும் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. என் மகள் அங்கே எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் உங்களிடம் ஒரு தகரப் பெட்டியும் கத்தரியும்தான் இருந்தன. மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"பொய்யா சொன்னீங்க? நடந்ததத்தான சொன்னீங்க." பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினீர்கள். "ஆனா கேட்டிருக்கலாம்ல டீச்சர். 'சொல்லட்டுமாண்ணே'ன்னு ஒரு வார்த்த. கேட்டிருந்தா சொல்லுங்கன்னுதான் சொல்லிருப்பேன்."

"எங்கண்ணே போறீங்க?"

"ஊருக்குத்தான். கல்வெட்டுல எழுதலைன்னீங்கள்ல? போய்ப் பாப்போம்."

இரண்டு வருடம் கழித்துத்தான் உங்களைப் பார்க்க வர எனக்குத் தைரியம் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு பழைய உருளைக்கிழங்குக் கொட்டகையில் இருந்தீர்கள். வந்த முதல் நாள் சித்தி வீட்டு வாசலில் போய் நின்றதையும், அவர் ஒரு குடம் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டுக் கதவைச் சாத்தியதையும் நீங்கள் ஏதோ மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னீர்கள். அப்புறம் என்னை வாய்க்காலுக்குக் கூட்டிப்போய்ச் சித்தியின் பூண்டுப் பாத்தியைக் காட்டினீர்கள்.

"தெனம் வெள்ளனே வந்து அவுக மடையத்தான் மொதல்ல தொறப்பேன். தொறந்துட்டு நான் அந்தப் பக்கம் போனதும் வந்து அடச்சுட்டுப் போயிருவாக. மூணு மாசம் நான் தொறக்க, அவுக அடைக்க. பாவம், பயிர் வாடிருச்சு. நாலாம் மாசம் அடைக்கிறத விட்டுட்டாக."

"அப்புறமாவது பேசினாங்களா?"

"எங்க பேச? தொண்ணூறு ஆட்டுக்கு நான் எங்க போவேன் டீச்சர். தண்ணிதான் இருக்கு. விட்டுக்கிட்டே கெடக்க வேண்டியதுதான்."

அதற்குப் பிறகு சித்தியின் பூண்டைப் பிடுங்கி, கட்டி, புகை போட்டு வாசலில் வைப்பதும் உங்கள் வேலையாயிற்று. அவர் அதில் ஒரு பங்கை வாய்க்கால் கரையில் வைத்துவிட்டுப் போவார். கையில் கொடுத்ததில்லை. அந்தப் பங்கிலிருந்துதான் எனக்கு ஒரு கட்டு வரும். நீங்கள் போன செய்தி எனக்குப் பதினாறாம் நாளும் முடிந்த பிறகுதான் கண்டக்டர் மூலம் வந்தது.

போன வாரம், நான் ஓய்வு பெற்றுவந்த நம் பள்ளியிலிருந்து ஓர் இளம் டீச்சர் வந்தாள். தண்டனை பற்றிய பாடத்தை ஒருநாள் நான் வந்து நடத்த முடியுமா என்று கேட்டாள். சரி என்றேன். உங்களைச் சொல்லாமல் அந்தப் பாடத்தை என்னால் முடிக்க முடியாது. உங்களிடம் கேட்கவும் முடியாது. அதனால் சனிக்கிழமை கிளாவரை பஸ்ஸில் ஏறி, உங்கள் ஊரில் இறங்கிச் சித்தி வீட்டுக்குப் போனேன்.

அடுப்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். "நீதான் அந்த டீச்சரா? பூண்டு வந்து சேந்துச்சா? சொத்தையெல்லாம் எடுத்துட்டுத்தான் கட்டுனேன்" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். "அண்ணன் கதையைப் பிள்ளைகள்கிட்டச் சொல்லட்டுமாம்மா? வேணாம்னா விட்டுர்றேன். முன்னாடி ஒரு தடவை கேக்காமச் சொல்லிட்டேன். அதுலதான் அவருக்கு வேலை போச்சு."

உரித்த பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அவன் இங்க வந்து சேந்தது ஒன்னாலதானா? எம் மடைய மூணு மாசம் அடச்சு அடச்சு இடுப்பொடிஞ்சேனே, அதுக்கும் நீதான் காரணமா?"

திட்டுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த காயை உரித்துக்கொண்டே அவரே சொன்னார்.

"சொல்லிக்க. ஆனா எம் மகனையும் சொல்லு. செத்தவன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிராத."

"எப்படி இருப்பாரும்மா?"

"பச்சப் பட்டாணின்னா ஒரு காட்டையே தின்னு தீத்துருவான். பொய் சொன்னா காது செவந்துரும், கேக்கவே வேணாம், காதப் பாத்தாப் போதும். சின்னதுல நடக்கச் சோம்பல். ஒங்க அண்ணந்தான் முதுகுல தூக்கிக்கிட்டு மன்னவனூர் வரைக்கும் போவான். 'எறக்கி விடுறா'ன்னா, 'இருக்கட்டும் சித்தி, கனக்கல'ம்பான்." கிளம்பும்போது என் பையில் இரண்டு கை பட்டாணியை அள்ளிப் போட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அதைத் தின்னாமல் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். கொட்டகையில் அத்தனை வருடம் பேசினோம். அடியைப் பற்றிச் சொன்னீர்கள். அடி வாங்கியவன் எப்படி இருப்பான் என்று நான் ஒருமுறையும் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை, சொன்னால் உங்களுக்குத் தாங்கியிருக்காது என்று இப்போது புரிகிறது. எத்தனை ஆடு, யார் சாட்சி என்று கல்வெட்டு சொல்லும். அந்த ஊரில் ஒரு தாய் இருந்திருப்பாள், அவளைப் பற்றி ஒரு வரி கிடையாது. வரலாற்று டீச்சர் நானும் அந்தக் கல்லைப் போலவே இருந்திருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது அண்ணே. இருந்தான். அதே ஊரில், அதே வாய்க்கால் கரையில், பதின்மூன்று வருடம் இருந்தான். பதில் கிடைத்தபோது கேட்டவர் இல்லை. ஆனால் இனி என்னிடம் யாராவது கேட்டால் கல்வெட்டில் இல்லை என்று கைவிரிக்க மாட்டேன்.

புதன்கிழமை வகுப்பு. பூண்டுக் கட்டு சமையலறை ஆணியில் தொங்குகிறது. முதல் வாக்கியத்தை எழுதிவைத்துவிட்டேன்: போளூருக்கு அப்பால் ஓர் ஊரில், பொய் சொன்னால் காது சிவக்கும் ஒருவன் இருந்தான். அடுத்து நீங்கள் வருவீர்கள் அண்ணே, அவனை முதுகில் சுமந்துகொண்டு. மண்வெட்டி அதற்கும் பிறகுதான்.