இரண்டு பொட்டலம்

26 ஆகஸ்டு 1957, திங்கள்
காலையிலிருந்து தூறல். வேட்டி காயவில்லை. சனிக்கிழமை மலாய் நாட்டுக்குச் சுதந்திரம். வேட்டிக்கு எப்போது என்று அறிவிப்பு இல்லை.

சோறு அடிப்பிடித்தது. உடனே விசாரணை. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாய்க் காலம் தள்ளியவன் தனியாக இருந்தால் இப்படித்தான். நீதிபதி குரலில் கேட்கிறேன், கைதி குரலில் பதில் சொல்கிறேன்.
"அடுப்பில் வைத்துவிட்டு எங்கே போனாய்?"
"எங்கும் போகவில்லை ஐயா. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்."

27, செவ்வாய்
பக்கத்து வீட்டு மீனாட்சி வேலிக்கு மேலே இரண்டு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, நீட்டினாள். பல தலைமுறையாய் இந்த மண்ணிலேயே ஊறிப்போன செட்டி வீட்டுப் பெண். சாமி நம் சாமி, பேச்சு மலாய். தமிழ் புரியாது.
"ஒண்ணு உங்களுக்கு மாமா, ஒண்ணு விருந்தாளிக்கு. சாயங்காலமானா ரெண்டு பேர் பேசுற சத்தம் கேக்குதே!" (மொழிபெயர்ப்பு என்னுடையது. சம்பளம் இல்லை.)
விருந்தாளி சுகம் என்றேன். இரண்டையும் தின்றேன். நெஞ்செரிச்சல்.

29, வியாழன்
புது வழக்கு. மனைவி பார்வதியின் கருமாதியன்று மகள் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டாள். "தனியா இருந்து எனக்குப் பழக்கம்" என்றேன். குற்றம்: பொய்ச்சாட்சி.

மறுபடி இரண்டு பொட்டலம். மீனாட்சி: "கொடியேத்தம் பாக்க லாரி போகுது மாமா. உங்க ரெண்டு பேருக்கும் இடம் பிடிச்சிட்டேன்."

இல்லாதவனை எப்படி லாரி ஏற்றுவது? ஊருக்குப் போய்விட்டான் எனலாம். பிறகு சாயங்காலங்களில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். முடியுமா?

30, வெள்ளி
முடியாது. வேலியருகே போய்ச் சொன்னேன். யாரும் வரவில்லை, நான் ஒருவன்தான்.
"அப்ப திட்டுறது யாரு?"
"நான்தான்."
"திட்டு வாங்குறது?"
"அதுவும்."
சிரிப்பாள் என்று நினைத்தேன். "கெசியான்," என்றாள், "திட்டு வாங்குறவரு."
கெசியான் என்றால் பாவம். கைதிகளின் தாய்மார் சொல்ல, நான் முகம் மாறாமல் ஆங்கிலத்தில் ஒப்பித்த சொல். என்னைப் பார்த்து யாரும் சொன்னதில்லை.
உள்ளே வந்து அழுதேன். பார்வதி போனபின் முதல் தடவை.

31, சனி
நல்ல வெயில். வேட்டி காய்ந்தது. லாரியில் எனக்கு இரண்டு இடம். மீனாட்சி: "எல்லாரும் தள்ளி உக்காருங்க, மாமா ரெண்டு பேரா வந்திருக்காரு!" லாரியே சிரித்தது. நானும்.

சாயங்காலம் சோறு மறுபடி அடிப்பிடித்தது. நீதிபதி தொண்டையைச் செருமினார். "சரி, போகட்டும். சாப்பிடு." நீதிபதி குரல் இல்லை, கைதி குரலும் இல்லை. என் குரல்.
அடிச்சோறு பார்வதிக்குப் பிடிக்கும். சட்டியைச் சுரண்டித் தின்றேன்.