நீளமானதே இருக்கட்டும்

அன்பும் அதற்குக் கொஞ்சமும் குறையாத கோபமுமாக உங்களுக்கு எழுதுவது.

இங்கே நானும் அத்தையும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றுதான் தெரியவில்லை. போனில் நீங்கள் வேலை பார்க்கிற துறைமுகத்துக் கிரேனின் உடம்பைப் பற்றி மட்டும் விலாவாரியாகச் சொல்கிறீர்கள். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டால் உடனே லைன் சரியில்லாமல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்தச் சாக்கு செல்லாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. குளியலறைக் குழாய் ஒழுகியது. நானே வாஷர் மாற்றினேன். அத்தை பக்கத்தில் நின்று, "என் பையன் மட்டும் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். "இருந்தா அவரும் அடியில வாளியைத்தான் வெச்சிருப்பார்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

நம் ஏர் ரைபிளில் குறி பார்க்கிற ஸ்கோப் போய்விட்டது. உள்ளே இருக்கிற குறுக்குக் கோடு சாய்ந்து கிடக்கிறது. ரைபிள் கிளப்புக்கு எதிர்க் கடை மீசைக்காரர் அதைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஸ்பிரிங் ரைபிள் முதலில் பின்னால் உதைத்து, உடனே முன்னாலும் ஒரு குலுக்கு குலுக்குமாம். பெரிய துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப்கூட இந்த முன்குலுக்கலில் படுத்துவிடுமாம். "ஸ்பிரிங்குக்குன்னே செஞ்சதா வாங்குங்கம்மா. பத்து மீட்டர்ல குறி அட்டை தெளிவாத் தெரியணும், அதையும் பாத்துக்கங்க" என்றார். அப்படிப்பட்டதாக இரண்டை எடுத்து வைத்தார்.

ஒன்று பழையது போலவே நீளம். இன்னொன்று ஒரு சாண்கூட இல்லை. அந்தக் குட்டியை ரைபிளில் பொருத்தியே காட்டினார். பாரமே தெரியவில்லை. ஈய ரவை வைக்கிற வாய் முழுசாகத் திறந்து கிடந்தது.

அந்த வாய் உங்களுக்கு நினைவிருக்கிறதா? ஸ்பிரிங்கை இறுக்குகிற லீவரை இழுத்ததும் திறக்குமே, நீளமான ஸ்கோப் அதை மறைத்துக்கொண்டு நிற்குமே! லீவரை விட்டால் உங்கள் விரல் நசுங்கிவிடும் என்று நான் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். நீங்கள் குனிந்து அந்தச் சந்துக்குள் ஈய ரவையை வைப்பீர்கள். ஒவ்வொரு ரவைக்கும் உங்கள் தலை என் தோளில் இடிக்கும். கிளப்பில் எல்லோரும் ஜோடித் துப்பாக்கி என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும், பிடித்தும் இருக்கும்.

நீங்கள் போனதிலிருந்து நானேதான் வைக்கிறேன். பகலெல்லாம் பல் கிளினிக்கில் அடுத்தவர் வாய்க்குள் விரல் விட்டு வேலை பார்க்கிறேன். இந்த ஒரு வாய்க்குள் மட்டும் விரல் போய்த் தொலைய மாட்டேன் என்கிறது. ரவை உருண்டு ஓடும், நான் குனிந்து தேடுவேன், அதற்குள் நேரம் முடிந்துவிடும். போன போட்டியில் பாதி அட்டைகள் துளையே விழாமல் திரும்பின. அடுத்த மாதம் மறுபடி போட்டி. இதிலும் கோட்டை விட்டால் அணியில் என் இடம் வேறொருத்திக்கு.

ஆக, சின்னதுதான் எனக்குச் சரி. அது தெரிந்தும் உங்களை ஒரு வார்த்தை கேட்டேன். "பழைய மாதிரியே வாங்கிடு" என்று சொல்லிவிட்டுக் கிரேனுக்குப் போய்விட்டீர்கள். அதை வைத்துக்கொண்டு நான் மண்டையை உடைத்துக்கொள்கிறேன். சீக்கிரம் வந்துவிடப் போகிற மனுஷன் சொன்னதா, வேலை மும்முரத்தில் வாய்க்கு வந்ததா? உங்களை எனக்குத் தெரியாதா, இரண்டாவதாகத்தான் இருக்கும். இருந்தாலும் பாழும் மனசு முதலாவதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

நேற்று சின்னதை வாங்கத்தான் போனேன். பெட்டியைக் கையிலும் வாங்கிவிட்டேன். இது இருந்தால் இனி ஒருத்தியே எல்லாம் செய்துகொள்ளலாம் என்று தோன்றியதும் பெட்டியைத் திரும்ப மேஜை மேல் வைத்துவிட்டேன். குழாய், பல்பு, சிலிண்டர், அத்தையின் ஆஸ்பத்திரி என்று நீங்கள் இல்லாமலே நடக்கும்படி ஒவ்வொன்றாகப் பழகியாயிற்று. இதையும் பழகிக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை. "நீளமானதே இருக்கட்டும்" என்றேன்.

மீசைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்ப ரவையை யாரும்மா வைப்பாங்க?" என்று கேட்டார். "அவர் வந்துடுவார், போட்டிக்கு இங்கதான் இருப்பார்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். ஐயோ, சொன்ன பிறகுதான் உறைத்தது. நான் வீடு வந்து சேர்வதற்குள் சேதி அத்தையிடம் வந்துவிட்டது. அவர் உடனே உங்கள் தலையணையை எடுத்து மொட்டைமாடி வெயிலில் போட்டுவிட்டு வந்தார்.

போட்டிக்கு முன்னால் எப்போது கொண்டுபோனாலும் ஸ்கோப்பை மாற்றித் தருவதாக மீசைக்காரர் சொல்லியிருக்கிறார். அதனால் வர முடியாதென்றால் மழுப்பாமல் எழுதுங்கள். சின்னதை வாங்கிக்கொண்டு தனியாகவே சுடப் பழகுகிறேன், அழ மாட்டேன். ஆனால் அந்தத் தலையணையைத் திரும்ப அலமாரியில் வைக்கச் சொல்லி அத்தையிடம் நீங்களேதான் சொல்ல வேண்டும். என்னால் ஆகாது.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். உயரத்தில் ஏறும்போது இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொள்ளுங்கள். விரல்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டு வந்து சேருங்கள். இங்கே அவற்றுக்கு வேலை இருக்கிறது.

லீவரை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற,
உங்கள் கோபக்காரி