செடியை விடாதே

மார்ச் 4
இன்று 'ழ' வந்துவிட்டது! மருமகள் என் கையைப் பிடிக்காமலே மழை, வழி, கிழவன் என்று எழுதினேன். கிழவன் நான்தான். பிறகு ஏரிக்குப் போனேன். வலை கனத்தது. ஆசையாய் இழுத்தேன். ஆகாயத்தாமரை. வலையும் கிழிந்தது.

மார்ச் 9
யார் வைத்த பெயர்? ஆகாயமும் இல்லை, தாமரையும் இல்லை. தூர தேசத்திலிருந்து பூவின் அழகுக்காகக் கொண்டுவந்தார்களாம். வந்த இடத்தில் அடங்கிக் கிடந்தால் என்ன? ஏரியையே மூடிவிட்டது. துடுப்பு போட்டால் படகு நகரவில்லை. அடியில் மீன் செத்து நாறுகிறது. இப்படியே போனால் படகை விற்கவேண்டியதுதான்.

மார்ச் 10
என் வீட்டிலிருந்தும் போகிறது! மருமகள் மாடித் தொட்டியில் வளர்க்கிறாள். பெருகினால் வாளியில் அள்ளி ஏரியில் விடுகிறாள்.
"பாவம் மாமா, உயிருள்ள செடி. குப்பையில எப்படிப் போடுறது?"
"என் மீனுக்கு மட்டும் உயிர் இல்லையாம்மா?"
"ஒரு வாளிதானே மாமா. எல்லாரும்தான் விடுறாங்க."
வாய்வரை வந்துவிட்டது. ஆனால் கத்தினால் 'ர'வுக்கும் 'ற'வுக்கும் வித்தியாசம் யார் சொல்லித்தருவது? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மார்ச் 11
எனக்குத்தான் எழுத வருமே — எழுதியே திட்டுகிறேன்! பழைய படகுப் பலகையில் தாரைத் தொட்டு எழுதினேன். 'செடியை ஏரியில் விடாதீர்கள்' என்பதுதான் மனதில். கோபத்தில் எழுத்து பெரிதாகிவிட்டது, இடம் போதவில்லை. ஏரியையும் மரியாதையையும் விட்டுவிட்டு 'செடியை விடாதே' என்று முடித்தேன். படகுத்துறையில் நட்டாயிற்று. ஒரு பிழை இல்லை!

மார்ச் 13
துறையில் ஒரே கூட்டம். கையில் கம்பு, கொக்கி, கயிறு.
"பெரியவர் எழுதிட்டாருல்ல? விடாதே! இழு, அதை விடாதே!"
செடியை வாரி வாரிக் கரையில் போடுகிறார்கள். நான் சொன்னது அதுவா?
மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா, ஏரியில கொண்டுவந்து விடாதேன்னு சொல்ல வந்தீங்க. இது சும்மா விடாதேன்னுல்ல இருக்கு! திருத்தித் தரட்டுமா?"
"பலகையில கை வச்சே, தெரியும்!" என்றேன். முதல் தடவையாக அவளிடம் கத்திவிட்டேன். சிரிப்பு நின்றுபோனது.

மார்ச் 14
பாடம் இல்லை.

மார்ச் 22
சனியன், இழுத்த இடத்திலேயே மறுபடி பரவுகிறது. மறுபடி இழுக்கிறோம்.

ஏப்ரல் 2
துறைக்கு மருமகள் வந்தாள், கையில் வாளி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. தொட்டிச் செடி முழுவதையும் கரை மேட்டில், வெயிலில் கொட்டினாள். புடவையைச் செருகிக்கொண்டு கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள்.
"இழுங்க மாமா. சாயங்காலம் 'ற' பார்க்கணும்."

ஏப்ரல் 19
வலை கனத்தது. பயந்துகொண்டே இழுத்தேன். மீன். 'ற' இல்லாத வார்த்தை, பரவாயில்லை, எழுதிவிட்டேன்.