ஈரத்தில் மூன்று கிலோ

ராஜபாளையம்,
திங்கட்கிழமை.

அன்பு மகள் இர்ஃபானாவுக்கு அம்மா சம்சாத் பேகம் எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் இங்கே சுகம். நீயும் மங்களூரில் சுகம் என்று எழுத ஆசைதான், ஆனால் மூன்று நாளாகப் போனை எடுக்காதவளைச் சுகம் என்று நான் எப்படி எழுதுவது. சர்ஃபிங் எனக்குச் சரிப்படாது, ஊருக்கே வந்துவிடுகிறேன், ஆலங்குளத்து மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லுங்கள் என்று இரண்டு வரி அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிட்டாய். அணைத்துவிட்டால் அம்மா வாயை மூடிக்கொள்வாள் என்று எப்படி நினைத்தாயோ தெரியவில்லை, இருபத்துநாலு வருஷமாக என்னைப் பார்க்கிறவள் நீ. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன், முழுசாகப் படி.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தரம்தான் வருகிறது. சப்பட்டை மாம்பழம் வந்துவிட்டது, அத்தா தினமும் இரண்டு வாங்கி வந்து, இர்ஃபானா இருந்தால் கொட்டையை அவள்தான் கேட்பாள் என்று சொல்லிவிட்டு அவரே சப்பிவிடுகிறார். நம் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடையில் யாவாரம் பரவாயில்லை. எனக்குத் தளவாய்புரம் நைட்டி கம்பெனியில் கேரளா ஆர்டர் நெருக்கடி, காலை எட்டு மணிக்கு மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆறரை ஆகிவிடுகிறது. இடுப்புவலி இருக்கிறது, நீ சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அலைச்சறுக்கு அணிக்கு ஆள் எடுக்கும் முதல் தேர்வில் நீ தோற்ற வீடியோவை உன் கோச் பிள்ளை பிரிஸ்கில்லா எனக்கு அனுப்பியிருந்தது. வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க அதைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மற்ற பிள்ளைகள் அந்த நீளப் பலகையில் எழுந்து நின்றதும் ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலைக் குறுக்கே போட்டு, கடைவீதியில் நடப்பதுபோல முனைக்கு நடந்து போகிறார்கள், பலகையும் விசையாக ஓடுகிறது. நீ மட்டும் இரண்டு காலையும் தேய்த்துத் தேய்த்து நகர்கிறாய், பாதி தூரம் போவதற்குள் அலை உன்னை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. பிள்ளை பயப்படுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தையல்காரியின் கண்ணோடு பார்த்தேன். உன் கால் பயத்தில் நிற்கவில்லை, துணி இழுத்துப் பிடித்துத்தான் நிற்கிறது. முட்டிக்குக் கீழே இறங்கும் பாவாடைத் துண்டு, பக்கத்தில் நாலே விரல் திறப்பு, அடியில் இரட்டை மடிப்பு. அத்தனையும் நான் தைத்தது.

உடனே பிரிஸ்கில்லாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். உடுப்பை மாற்று என்று உன்னிடம் மூன்று தரம் சொன்னதாம், எங்கள் அம்மா தைத்தது, மாற்ற மாட்டேன் என்று நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாயாம். அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கும் என்று நினைத்தாயோ, கோபம்தான் வந்தது. ஒரு நாளைக்கு நாற்பது நைட்டி தைக்கிறவள் நான், எனக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும். வீட்டில் போடுகிற நைட்டியைத் தைப்பதுபோல, லூசாக இருந்தால் மரியாதை என்று பனியன் துணியில் தைத்துத் தந்துவிட்டேன். கால் வரவில்லை என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்க வேண்டாமா. என் தையலைக் காப்பாற்றுவதற்காக நீ தோற்றுப்போனால் அதற்குப் பெயர் பாசமா.

பெருநாளைக்கு வந்தபோது நீ விட்டுப்போன இன்னொரு உடுப்பு பீரோவில் இருந்தது. அதை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்டக் கடைக்குக் கொண்டுபோய் அத்தாவின் தராசில் வைத்தேன். மூன்று கிலோ நூறு கிராம். பருத்திக்கொட்டை வாங்க வந்த குருசாமி அண்ணன், மூட்டையை அப்படியே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். முட்டிக்குக் கீழே துணி இறங்கினால்தான் கடலுக்கு அனுப்புவேன் என்று சொன்னவர் உன் அத்தாதானே, அதனால் தராசு காட்டிய எடையை மட்டும் அவரைப் பார்க்கச் சொன்னேன். அத்தா உடுப்பைத் தராசிலிருந்து கையால் தூக்கிப் பார்த்தார். "இம்புட்டு பாரத்தயா கட்டிக்கிட்டு புள்ள கடலுக்குள்ள போச்சு" என்றார். பிறகு என்னிடம் பாய்ந்தார். "கால மறைக்கணும்னுதான சொன்னேன், கட்டிப் போடவா சொன்னேன்" என்றார். அந்த ஏச்சை நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

இத்துடன் வரும் பார்சலில் புது உடுப்பு இருக்கிறது. திருப்பூரிலிருந்து ராவோடு ராவாக பஸ்ஸில் நீச்சல் துணி வரவழைத்து, எங்கள் கட்டிங் மாஸ்டர் ராஜரத்தினம் வெட்டினார், நான் தைத்தேன். மேல்சட்டை தொடை வரைதான், அது தண்ணீரில் மேலே ஏறாமல் இருக்க உள்ளே இரண்டு நாடா வைத்திருக்கிறேன், கணுக்கால் வரை இறங்கும் பேன்ட்டோடு முடிந்துகொள். தொடைப் பக்கம் இரட்டைத் துணி, அதனால் கூச்சப்பட வேண்டியதில்லை. இரண்டு காலுக்கும் நடுவே சதுரமாக ஒரு துண்டு சேர்த்திருக்கிறேன், எவ்வளவு அகட்டினாலும் பிடிக்காது. மடிப்பு எங்கேயும் கிடையாது. தலையை மூடும் துணி சட்டையோடு சேர்ந்தே வரும். நனைத்துத் தராசில் வைத்தோம், எழுநூற்று ஐம்பது கிராம்தான். உன் அளவும் என் அளவும் ஏறக்குறைய ஒன்றுதானே, சாப்பாட்டு நேரத்தில் நானே போட்டுக்கொண்டு வெட்டு மேஜைமேல் ஏறினேன். பக்கத்து மிஷின் கல்பனா கையைப் பிடித்துக்கொள்ள, முட்டியை மடக்கிக் கால் மாற்றிக் கால் மாற்றி நடந்தேன். முதலில் எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். ஆறு தரம் மாற்றி மேஜையின் முனைக்குப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஐம்பது வயதுக்காரி நடக்கிற உடுப்பில் உனக்குக் கால் வராதா.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது தேர்வு இருக்கிறது, உன் பெயரைப் பட்டியலிலிருந்து இன்னும் எடுக்கவில்லை என்று பிரிஸ்கில்லா சொன்னது. நீ இறங்க வேண்டும். எழுந்ததும் நேராகக் கரைக்கு ஓடாமல் அலையைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டுமாம், அலையின் மேல் பாதியிலேயே இருக்க வேண்டுமாம், அடிக்கு இறங்கிவிட்டால் வேகம் செத்துவிடுமாம். வேகம் வேண்டுமென்றால் முன்னால் நட, திரும்ப வேண்டுமென்றால் பின்னால் வா. காலைப் பார்க்காதே, போகிற இடத்தைப் பார். முட்டியை மடக்கு, இடுப்பை வளைக்காதே. இதெல்லாம் அந்தப் பிள்ளை சொன்னதுதான், நான் கடலையே இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறேன்.

ஆலங்குளத்துக்காரர்களிடம் இப்போது வர வேண்டாம் என்று அத்தாவே சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு நான் எதிரி இல்லை, ஆனால் தோற்றுப்போய் ஓடி வருகிறவளுக்கு நான் பந்தல் போட மாட்டேன். இந்த உடுப்பைப் போட்டுக்கொண்டும் தோற்றாயானால் வா ஏட்டி, நானே ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், ஏன் என்று கேட்க மாட்டேன். தோற்றாலும் உன் காலால் தோற்க வேண்டும், என் தையலால் தோற்கக் கூடாது.

உடுப்பைக் கடல் தண்ணீரோடு காயப் போடாதே, நல்ல தண்ணீரில் அலசு. வெறும் வயிற்றில் கடலில் இறங்காதே. அல்லாஹ் உன்னை அலையிலும் கரையிலும் காப்பான், ஐந்து வேளையும் உனக்காகத்தான் கையேந்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் போனைத் திறந்து எனக்குப் பேசு. ஜெயித்தாயா தோற்றாயா என்பதை அத்தாவிடம் சொல்லிக்கொள். என்னிடம், எத்தனை தரம் கால் மாற்றினாய் என்று மட்டும் சொல்.

துஆவுடன்,
உன் அம்மா
சம்சாத் பேகம்