பாப்பு வரைந்த ஊறுகாய் லேபிள்

என் பாப்பு,

காய்ச்சலில் நீ போய் நாலு மாசம் ஆகிறது. நேற்று உன் காலேஜ் டீச்சர் திருவள்ளூருக்கு, நம்ம வீட்டுக்கே வந்தாங்க. நீ கடைசியாக வரைந்ததைக் காலேஜில் மாட்டணுமாம்.

"இன்னா படம் டீச்சர்?"

"ஊறுகாய் லேபிளையே வரிசை வரிசையா வரைஞ்சிருப்பாளேம்மா, பெரிய தாள்ல."

ஓடிப்போய் அலமாரியைத் திறந்தேன். நான் வேலை பார்க்கிற காக்களூர் ஊறுகாய் கம்பெனியிலிருந்து அச்சு கோணலான லேபிள் தாளைக் கொண்டுவந்து அலமாரியில் விரிப்பேன் இல்லையா? அதில் ஒன்று என்று நினைத்து உன் படத்தையும் அரிசி டப்பாவுக்கு அடியில் விரித்துவிட்டேன். உருவி எடுத்தால், டப்பாவின் வட்டம் அப்படியே பதிந்திருக்கிறது.

டீச்சர் திட்டவில்லை. "அச்சுன்னே நெனச்சுட்டீங்களா? அப்ப அவ ஜெயிச்சுட்டா" என்று சிரித்தாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

உன் நோட்டை எடுத்து, நீ இங்கிலீஷில் எழுதினதைத் தமிழில் சொன்னாங்க. அமெரிக்காவில் கடைச் சாமானையும் விளம்பரத்தையும் பெரிசு பெரிசாக வரைந்தார்களாம். அதைப் பார்த்துவிட்டு பிரான்ஸில் இருக்கிறவர்களும் அந்தப் பளிச் கலரை எடுத்து போஸ்டர், பத்திரிகை என்று போட்டார்களாம். அதில் சில பேர் அதே மாதிரி வரைந்தே அமெரிக்காவைத் திட்டினார்களாம்.

"புடிக்கலன்னா எதுக்கு டீச்சர் அதே மாதிரி வரையணும்?"

"புடிக்கவும் செஞ்சுது, கோவமும் இருந்துச்சும்மா."

"எம்பொண்ணுக்கு?"

"அவ எங்கிட்ட சொல்லலியேம்மா."

அதைக் கேட்டதிலிருந்து, நீ எதை நினைத்து இதை வரைந்தாய் என்று எனக்கு விளங்கவே இல்லை. உன் சிநேகிதிகள் வந்திருந்த அன்றைக்கு, வேலை முடிந்து நான் உள்ளே நுழைந்ததுமே, "யம்மா, மொதல்ல குளிச்சிட்டு வா, ஊறுகா நாத்தம் பேஜாரா கீது" என்றாய். எல்லோரும் இருக்கும்போதே நானும், "அந்த ஊறுகாயாலதான்டி நீ காலேஜ் போய்க்கினு கீற" என்று கத்திவிட்டேன். அதற்கு அடுத்த வாரம்தான் இந்தப் படத்தை ஆரம்பித்தாய் என்று உன் நோட்டில் தேதி இருக்கிறதாம். நீ குனிந்து என்னமோ வரைவதைப் பார்த்தும், என்ன என்று நான் எட்டிப் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

படத்தைக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மாட்டுவாங்களாம்; அன்றைக்கு லீவு போட்டு, எலக்ட்ரிக் டிரெயின் ஏறி உன் காலேஜுக்கு வந்து அதற்கு முன்னால் நிற்பேன். என்னைத் திட்டித்தான் வரைந்திருந்தாலும் நிற்பேன், இது சத்தியம்.

ஆனால் ஒன்றே ஒன்று சொல்லு பாப்பு. அத்தனை லேபிளையும் குனிந்து குனிந்து வரைந்தாயே, அப்போது என் மேல் கோபமாக இருந்தாயா, ஆசையாக இருந்தாயா?

உன்னைப் பெற்ற அம்மா